எங்கள் தெரு பார்க்காத வெள்ளிக்கிழமை

போன வாரம் கல்பனா இறந்துபோனதைப் பார்த்தேன். பயப்படாதீர்கள். கல்பனா ஒரு பழைய ஆஸ்பத்திரி தொடரில் வரும் நோயாளி. வருடக்கணக்கில் ஓடிய அந்தத் தொடரை யாரோ சீசன் சீசனாகப் பிரித்துக் கைப்பேசியில் பார்க்கும்படி ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது சீசனின் கடைசிப் பகுதியில் அவள் முகத்தின்மேல் வெள்ளைத் துணியை இழுத்து விடுகிறார்கள். ஊரே உட்கார்ந்து அழுத காட்சி. ராயபுரத்தில் எங்கள் தெரு மட்டும் பார்க்கவில்லை.

சீசன் என்றால் அன்று எங்களுக்கு மாம்பழமும் ரயில் பாஸும்தான். தொடருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் அதை "ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னோம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, "ஆஸ்பத்திரி போட்டுட்டானா?" என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குரல் போகும். அந்த நேரத்தில் தெரு முழுக்க மீன் வறுக்கும் வாசம். இன்றும் எங்காவது மீன் வறுபட்டால் எனக்கு ஸ்டெதாஸ்கோப் ஞாபகம் வருகிறது.

அந்த சீசனில் கல்பனாவுக்கு இதய வால்வில் கோளாறு. என் அம்மாவுக்கும் அதேதான். மாடியில் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். மாதக்கணக்கில் அலைந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தவறினால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது, இதயம் அதுவரை பொறுக்குமா என்பதும் தெரியாது என்றார் டாக்டர். அம்மாவோ தொடரைக் காட்டினாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அதில் கல்பனாவுக்கு ஆபரேஷன்.

"கல்பனா கண்ணத் தொறக்கட்டும்டா. அப்பால நான் போய் படுத்துக்கறேன்."

"அது நடிப்பும்மா."

"நடிக்கிறவளுக்கே இந்தக் கதின்னா, நமக்கு?"

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எந்த ஆண்டு என்பதில் பக்கத்து வீட்டு சகாயம் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. தவக்காலத்து வெள்ளி என்பதில் சந்தேகமே இல்லை. அன்று மாலை அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் துறைமுகத்தருகே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அங்கே போன் வந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்த ரஹீம்.

"மாமு, அந்தப் பொண்ணு பூட்டா."

"எந்தப் பொண்ணு?"

"கல்பனா, மாமு. இன்னிக்குக் கதைய இப்பத்தான் விளம்பரத்துல காட்னான். துணி போட்டு மூடிட்டாங்க."

என் முகத்தைப் பார்த்த மேனேஜர் யார் என்று கேட்டார். தெரிந்த பெண் என்றேன். தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு பேர் வாசல் வரை துக்கத்தோடு வந்தார்கள். இதுவரை அவர்களிடம் உண்மையைச் சொன்னதில்லை.

நான் வருவதற்குள் ரஹீமும் சகாயம் அக்காவும் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கேபிளை மட்டும் பிடுங்கினால் அம்மா அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். எனவே தெருவுக்கே கேபிள் கிடையாது. அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எதிர்வீட்டு மாமாதான் முரண்டு பிடித்தார்.

"ரெண்டு மாசமா பாத்துகினு கீறேன். எனக்கு யாரு கத சொல்றது?"

"செத்துட்டா. அதான் கத. போய் சாப்புடு."

எட்டு மணிக்கு எல்லா வீட்டு டி.வி.யிலும் வெறும் புள்ளிதான். அம்மா மூச்சு வாங்க வாசலுக்கு வந்தாள். ரஹீம் கம்பத்தின் மேல், வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு இருந்தான்.

"டேய் ரஹீமு, இன்னாடா ஆச்சு?"

"ஆம்ப்ளிஃபயர் பூட்ச்சுக்கா."

"மழையும் இல்ல, காத்தும் இல்ல. அதெப்டிடா பூடும்?"

"அதுக்கும் வயசாவுதுல்லக்கா."

மறுநாள் காலை சகாயம் அக்கா வந்தாள். காலடிப்பேட்டையில் இருக்கும் அவள் தங்கை பார்த்தாளாம். கல்பனா கண் விழித்துவிட்டாளாம்.

"முழிச்சதும் இன்னா கேட்டா?" என்றாள் அம்மா.

"தண்ணி."

"ஆப்ரேஷன் பண்ணவளுக்கு ஒடனே தண்ணி குடுப்பாங்களா?"

"வாய மட்டும் நனைச்சாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாக அக்கா ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை அம்மா சேர்ந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"பக்கத்து பெட்டு பொம்பள வந்த அன்னிக்கே சொல்ட்டாடா, கல்பனா செத்த கதைய."

"அப்பறம் ஏம்மா இருந்தே?"

"எழுந்து வந்துடலாம்னுதான் பாத்தேன். வந்தா சகாயம் மூஞ்சில எப்டி முழிக்கிறது? அதுக்குப் பொய்யே வராது. எனக்கோசரம் எவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிச்சு."

இதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அந்த வால்வோடு என் பெண்ணுக்குத் தலை பின்னிவிடும் காலம் வரை அம்மா இருந்தாள். கல்பனா சௌக்கியமா என்று சகாயம் அக்காவை அவ்வப்போது கேட்பாள். அக்காவும் அசராமல், பிள்ளை பெற்றுவிட்டாள் என்பது வரை சொன்னாள்.

இப்போது தெருவில் வீட்டுக்கு நாலு போன். சில மாதங்களுக்கு முன் சகாயம் அக்காவுக்கு முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, ஆபரேஷன் கெட்டுப்போனவர்களின் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இதப் பாரு, இவளுக்குக் காலே பூட்ச்சாம்."

"அத மூடி வைக்கா."

"இத மூடுனா மருமவ போனு கீது, பேரன் போனு கீது. இன்னாத்த மூடுவே?"

ரஹீம் இப்போது வண்ணாரப்பேட்டையில் போன் உறை விற்கிறான். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் கம்பத்துல ஏறச் சொல்ற, மாமு?"

அக்கா குறித்த நாளில் போகவில்லை. இன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.