முத்துமணியின் ஐம்பது நடை

எங்கள் பூ மார்க்கெட்டில் முத்துமணி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். நான் சொல்வது மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் பூ ஏற்றிப் போகிற முத்துமணியை. பதினெட்டு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டி, அவன் ஏசினால் ஏச்சை வாங்கிக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில்தான் சொந்தமாக ஒரு லோடு வேன் வாங்கினான். பழைய வண்டிதான். ஆனால் அன்றைக்கு என் இன்ஜின் ஆயில் கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு, "பெனிட்டாக்கா, இனிமே எவன்ட்டயும் போயி கைகட்டி நிக்க வேண்டாம்லா?" என்று சிரித்தானே, பார்க்க வயிறு குளிர்ந்தது.

நல்லவன். பிடிவாதம் மட்டும் கழுத்து வரைக்கும் உண்டு. பூ வண்டிக்காரர்கள் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்ற மாட்டார்கள், நடைக் கணக்குதான். போய்த் திரும்பினால் ஒரு நடை. முத்துமணி கண்ணாடிக்குக் கீழே ஒரு வாழைநாரைத் தொங்கவிட்டு, நடைக்கு ஒரு முடிச்சுப் போடுவான். ஐம்பது முடிச்சு ஆனால்தான் ஆயில் மாற்ற என் கடைக்கு வருவான். நாற்பத்தொன்பதில் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மலை ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று கடையநல்லூர் சலாவுதீனிடம் போய் ட்யூனிங் செய்துகொண்டான். லேப்டாப்பை மாட்டி, இன்ஜினுக்குப் போகிற டீசலையும் காற்றையும் கூட்டிவிடுகிற வேலை அது. "இழுவை கூடுனா சூடும் கூடும் அண்ணாச்சி. அந்தச் சூட்டையும் கரியையும் ஆயில்தான் சுமக்கணும். இனிமே பாதிக் கணக்குலயே மாத்திருங்க" என்று சலாவுதீன் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவனும் மண்டையை மண்டையை ஆட்டியிருக்கிறான். ஏற்றத்தில் வண்டி பறந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

இடையில் இரண்டு தடவை ஆயில் குறைகிறதென்று ஒவ்வொரு லிட்டர் வாங்கிப் போனான். மூன்றாம் தடவை வந்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. நானே அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். மை மாதிரி கறுப்பு. விரலில் தொட்டால் தண்ணீராக ஓடுகிறது. தீய்ந்த வாடை வேறு.

"ஏலே, இது செத்த ஆயிலு. இப்பவே மாத்து."

"முப்பத்தேழு முடிச்சுதான்க்கா ஆயிருக்கு. இன்னும் பதிமூணு நடை கெடக்கு."

"முடிச்சு போட்டது நீ. அது இன்ஜினுக்குத் தெரியுமாலே?"

"ஓணச் சரக்கை ஏத்திட்டு நிக்கேன். உங்களுக்கு ஆயில் விக்கணும்னு அவசரம்."

எனக்கு வந்ததே கோபம்! "போ. மலையில நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடாத" என்று கத்திவிட்டேன். இந்த வாயைத் தைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, புளியரை ஏத்தத்துல ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சிட்டு. பாத்த ஒடனே அந்தானிக்கே நிறுத்திட்டேன். இன்ஜின் போயிட்டாக்கா? திரும்பவும் நான் எவன் வண்டிக்காவது போவணுமா?" குரல் அழுதுகொண்டிருந்தது.

கோபமாவது ஒன்றாவது! ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறை மெக்கானிக் சாம்சனை இழுத்துக்கொண்டு அவர் காரில் ஓடினேன். கையில் புது ஆயில் கேனும் ஃபில்டரும். வழியெல்லாம் ஜெபம்தான்.

சாம்சன் பழைய ஆயிலை வடித்தார். ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருந்த தாளை வெயிலில் விரித்தார். "உள்ள பேரிங் தேஞ்சு இன்ஜின் போயிருந்தா இதுல தூளு மினுமினுன்னு தெரியும் வே" என்றார். முத்துமணி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பிச்சிப்பூ மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். சாம்சன் மடிப்பு மடிப்பாக விரல் வைத்துத் தேடினார். மனுஷனுக்கு அவசரமே கிடையாது.

"கரிதான். ஒரு பொட்டுத் தூளு இல்ல."

புது ஆயிலை ஊற்றிச் சாவியைத் திருப்பினார். சிவப்பு லைட் அணைந்தது. காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். கடகடவென்ற சத்தம் எதுவும் இல்லை. "பொழச்சுட்டு வே. லைட்டைப் பாத்ததும் நிறுத்துனீரு, அதான் காப்பாத்திச்சு."

அப்பாடா! ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "இருபத்தஞ்சு நடையில மாத்திருதேன்க்கா, சத்தியமா" என்று அவனும் அழுதுகொண்டே சிரித்தான். அவன் கண் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த சாம்சன், "புனலூர் வரைக்கும் நான் ஓட்டுதேன், நீரு பக்கத்துல உக்காரும்" என்றார்.

முத்துமணி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"இல்ல அண்ணாச்சி. இது என் வண்டி. நானே ஓட்டுதேன்."

சாம்சன் டிரைவர் சீட்டை விட்டு இறங்கி அவனுக்கு இடம் விட்டார்.