மேனிஃபோல்டும் என் சாம்பல் மூட்டையும்

கடலிலிருந்து எது வந்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் வீட்டுக்குள் விடமாட்டேன். வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், புருஷன் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். விட்டுவைத்தால் உப்பு இரும்பையே தின்றுவிடும். வைத்திக்குப்பத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள். எங்கள் படகு என்ஜினில் புகையை வெளியே தள்ளும் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. கடல் திறக்கிற அன்று படகு இறங்காவிட்டால் ஃபேக்டரி வேலைக்குப் போய்விடுவேன் என்று என் தம்பி சொல்லியிருந்தான். அவனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஓட்டும் படகு. அவன் போனால் படகும் போன மாதிரிதான்.

வீட்டுக்காரர் வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து, மேனிஃபோல்டைக் கரி அடுப்பில் சூடேற்றி, வாசலிலேயே விரிசலைப் பற்றவைத்திருக்கிறார். முடித்துவிட்டு டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நான் மார்க்கெட்டிலிருந்து வந்தேன். வாசலில் படகுச் சாமான் கிடந்தது. யோசிக்கவே இல்லை, கை வாளியைத் தூக்கிவிட்டது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அடுத்து ‘டிங்’ என்று ஒரு சத்தம்.

"என்னாடி பண்ண? வார்ப்பிரும்பு மெதுவாத்தான் ஆறணும்!" என்று ஓடிவந்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விரிசல் முன்னைவிட நீளமாகியிருந்தது. உட்கார்ந்து அழுவது என் வழக்கமில்லை.

"மெதுவாத்தானே ஆறணும்? இன்னொரு வாட்டி பத்தவைங்க. ஆறவைக்கிறது என் பொறுப்பு" என்றேன்.

வழுக்குகிற மீனைப் பிடித்துச் செதில் சுரண்டி ஆய சாம்பல் வேண்டும். அதற்கென்று ஒரு மூட்டை வைத்திருந்தேன். மறுநாள் காலை, பற்றவைத்த சூட்டோடு மேனிஃபோல்டை அந்தச் சாம்பலுக்குள் புதைத்தேன். தம்பி இரண்டு தடவை கிளறிப் பார்க்க வந்தான். "கைய வெச்ச, மீனோட சேத்து ஆஞ்சிடுவேன்" என்று விரட்டினேன். சாயங்காலம் எடுத்தபோது வெறுங்கையில் தூக்க முடிந்தது. வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே மாட்டிவிட்டார்கள்.

கடல் திறந்த அன்று படகு போனது, மீனோடு திரும்பியது. கரையில் நான் வாளியோடு நின்றேன். தம்பி முதலில் குதித்தான்.

"அக்கா, எங்க மேல மட்டும் ஊத்து. என்ஜின் சூடா இருக்கு, அது மேல ஊத்திடாத. நாளைக்கும் நான் போவணும்."

வாளித் தண்ணீர் முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்தேன்.