பேச்சு இருக்கும் பக்கம்

என் வீட்டுக்காரிக்கு வலிப்பு வந்தால் கை கால் உதறாது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நின்றுவிடுவாள். கண் ஒரே இடத்தில் நிலைக்கும், வாய் எதையோ மெல்லும், கை முந்தானையைக் கசக்கும். ஒரு நிமிஷம்தான். அப்புறம் என்னை யாரோ மாதிரி பார்ப்பாள், தொட்டால் கோபமாகத் தட்டிவிடுவாள். அது அவள் குணமில்லை, வலிப்பு ஓய்கிறபோது மூளை செய்கிற வேலை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

மாத்திரைக்கு அடங்கவில்லை. மூளையில் வலது பக்கம் ஒரு சின்ன இடம்தான் காரணம், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் இவளுக்கு இடது கைப் பழக்கம். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கம் இருக்குமாம், இடது கைக்காரர்களில் சிலருக்கு வலது பக்கமும் இருக்கலாமாம். அப்படியிருந்து கத்தி வைத்தால் பேச்சே போய்விடலாம். அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேன். படுத்தபடி, வாய் அசையாமல், காய் பேர், மிருகப் பேர் என்று மனசுக்குள் சொல்லணும். அப்போது எந்த இடம் வேலை செய்கிறதோ அது படத்தில் தெரியும்.

நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனியில் இருக்கிறேன். ஒன்பதாவதில் ஃபெயிலாகிப் படிப்பை விட்டவன். இதையும் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டேன். இவள் தடுமாறினால் ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிடுவார்களோ? தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து பாடம் எடுத்தேன்.

"கத்திரிக்கா, வெண்டைக்கா, அப்புறம்?"

"யோவ், இத்தினி வருஷமா உனக்கு ஆக்கிப் போடுறேன். எனக்கே காய் பேரு சொல்லித் தர்றியா?"

"அவரைக்கான்னு சொல்லுமே. வரிசைய மாத்தாத."

ஸ்கேனுக்குப் போகிற அன்றைக்கு ரயிலிலும் விடவில்லை. பொன்னேரி வருவதற்குள் காய்கள் முடிந்து மிருகங்களுக்கு வந்துவிட்டோம். எதிரே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாக்கா, வேலைக்கு இன்டர்வியூவா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, எல்லாம் இவரு பண்ற பேஜாரு" என்றாள் இவள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் இவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, "படம் சரியா வரலையே. உள்ள தூங்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"தூங்கல மேடம். இவரு மனப்பாடம் பண்ண வெச்சிட்டாரு. கடகடன்னு ஒப்பிச்சிட்டு, மீதி நேரம் சும்மா படுத்துக்கினு இருந்தேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒப்பிச்சா மூளை தேடாதுண்ணா. தேடினாதான் எங்களுக்குத் தெரியும். இது பரீட்சை இல்ல, இதுல ஃபெயிலே கிடையாது."

நல்லது செய்வதாக நினைத்து நானே கெடுத்துவிட்டேனே! இவள் என் தோளைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை என்ன கேட்கப்போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மூளையின் இடது பக்கம் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாக எரிந்துகொண்டிருந்தது. வலது பக்கம் அமைதி.

"பேச்சு இடது பக்கம்தான். வலிப்பு கிளம்புற இடம் அதுக்கு ரொம்ப தூரம். தைரியமா பண்ணலாம்."

மூச்சு திரும்பியதும் இவளிடம் கேட்டேன். "ரெண்டாவது வாட்டி இன்னாமே கேட்டாங்க?"

"காலைல எழுந்ததுலேர்ந்து நடந்தத மனசுக்குள்ளயே சொல்லச் சொன்னாங்க. உன்னத் திட்டிக்கினே இருந்தேன்."

அந்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் எனக்குத்தான்.

"ஆபரேஷனுக்கு அப்புறமும் திட்டுவாளா டாக்டர்?"

"நல்லாவே திட்டுவாங்க."

"அப்படின்னா தேதி குடுங்க."

"என்னைக் கேக்காமலேயா?" என்றாள் இவள்.

"சரி, நீயே சொல்லுமே."

"ஆடி போவட்டும். அதுக்குள்ள நீ சோறாக்கக் கத்துக்கோ."