எனக்கில்லாத மூலத்துக்கு ஒரு மாத வைத்தியம்

ஒரு மாதம் நான் மூலத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். எனக்கு மூலம் கிடையாது. அதற்கு முன்பும் இருந்ததில்லை. எனக்கு வந்திருந்தது குடல் புண், சிறுகுடல் தொடங்குகிற இடத்தில். முழங்கால் வலிக்கு நான் வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரைகள்தான் அதைக் கொண்டுவந்தன. மாத்திரை இல்லாமல் கால் நடக்காது, கால் நடக்காவிட்டால் பிழைப்பு இல்லை. மலையாள எல்லைக்குள் இருக்கிற பெருமாட்டித் தோப்பில் தேங்காய் உரித்து முடிந்தால் ஏலக்காய்க்கு மலையேறுவேன், அது முடிந்தால் இறங்குவேன். முப்பது வருடமாக இப்படித்தான்.

எரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். இளவயது டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். வலி மாத்திரையை நிறுத்த வேண்டும், எழுதித் தருவதைப் போட வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இத்தனை நாள் தானாக ஆறிய வயிறு இப்போது ஏன் ஆறவில்லை என்று கேட்டேன்.

"மூலகோசத்துக்குப் பிராயமாயி" என்றார்.

எனக்கு மலையாளம் தெரியும் என்று ஒரு கர்வம் உண்டு. டீ கேட்கத் தெரியும், பஸ் கேட்கத் தெரியும், சண்டை போடத் தெரியும். 'மூல' வரைக்கும் காதில் வாங்கினேன், மீதியை நானே முடித்துக்கொண்டேன். வயதாகிப்போன மூலம். வாயில் குழாயை விட்டு அதைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணின் திறமையை வியந்தபடி வெளியே வந்தேன்.

மூலத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? வலி மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அவர் எழுதிக் கொடுத்தது பையில் கிடந்தது. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி ஒரு வைத்தியர் இருந்தார். மூலம், பௌத்திரம் என்று அவர் ஒட்டாத சுவர் அந்தப் பாதையில் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே உள்மூலம் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை, அந்தவரைக்கும் மரியாதையான மனிதர். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் தின்னச் சொல்லி ஒரு பொடியும் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதே என்று கேட்டேன். கெட்டதெல்லாம் வெளியேறுகிறது, சந்தோஷப்படுங்க என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு காலையில் தேங்காய் மட்டைக் குவியல் மேலேயே மயங்கி விழுந்தேன். என்னை வேலைக்கு வைத்திருந்த தோப்புக்காரம்மாதான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கண் திறந்ததும் கேட்டார்: "ஏனுங்க, சாகறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் சாவ மாட்டீங்களா? நாங்க யாருக்குங்க ஆளனுப்பறது?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லும்படி ஒரு பெயரும் வரவில்லை.

இரத்தம் ஏற்றிய நர்ஸ் ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப் பெண். மூலத்துக்கு நான் பார்த்த வைத்தியத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மூலம் இல்ல தாத்தா, மூலகோசம். ஸ்டெம் செல்லும்பாங்க. தேயில பட்டுப்போனா நர்சரியிலருந்து கன்னு கொண்டாந்து நடுவாங்கல்லா? ஒங்க கொடலுக்குள்ளயும் அப்படி ஒரு நர்சரி இருக்கு. உள்தோலு நாலஞ்சு நாளுக்கு ஒருக்க உதுந்துரும், அங்கருந்துதான் புதுசு வரும். இப்ப நர்சரிக்கு வயசாயிட்டு. கன்னு வாறதே மெதுவாத்தான். அதுலயும் நீங்க தெனம் வலி மாத்திரையப் போட்டு, மருந்தடிச்ச மாதிரி கருக்குனா எப்படித் தழையும்?"

தாத்தா என்றதுதான் முதலில் உறைத்தது. அப்புறம் வேறொன்று. ஓரிடத்தில் தங்காதவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். என் குடல் தோல் ஐந்து நாளுக்கு மேல் எங்கும் தங்கியதில்லையாம். பழைய சோறும் பச்சை மிளகாயும், சில நாள் ஒன்றுமே இல்லாமலும் நான் நடந்த காலமெல்லாம், அது சத்தமில்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. அதை என் வைராக்கியம் என்று நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

டாக்டரம்மா இந்தமுறை நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். வலி மாத்திரை இனி எப்போதும் கூடாது. கறுப்பாகப் போனது புண்ணிலிருந்து கசிந்த இரத்தம், இன்னொரு முறை கசிந்தால் என் வயதில் தாங்காது. இளையவர்களுக்கு ஆறுகிற நாளில் எனக்கு ஆறாது, அதனால் நாள் குறிக்க முடியாது, மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபிறகுதான் மலையேறுவது பற்றிப் பேசலாம். அப்படியென்றால் கால்? காலுக்குத் தைலமும் கம்பும் என்றார்.

மாத்திரை அட்டையைத் தோப்புக்காரம்மா என் கையிலிருந்து பிடுங்கவில்லை. நானே குப்பையில் போட்டேன். மூன்றாம் நாள் முழங்கால் இளநீர் மாதிரி வீங்கியது. தோப்புக்காரம்மா கொப்பரைக் களத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டும் வேலை கொடுத்தார். காக்கைகள் இரண்டே நாளில் என் காலைப் புரிந்துகொண்டன.

ஏலக்காய் பருவம் தொடங்கியதும், மலையில் ஆள் சேர்க்கும் கங்காணி போன் செய்தான். வரவில்லை, பெருமாட்டியிலேயே இருக்கிறேன் என்றேன். "குடும்பஸ்தனாயிட்டீரோ?" என்றான்.

நர்சரி, கன்று என்றெல்லாம் போனில் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"நல்லா கவனிக்காளா?"

"மூணு வேளையும் நேரத்துக்குக் கஞ்சி. காரம் கண்ணுலயே காட்டுறதில்ல."

"எங்கயும் விடமாட்டாளோ?"

வயிற்றைத் தடவிக்கொண்டே, "விடமாட்டா" என்றேன்.