கஸ்தூரி தள்ளிப்போட்ட மாத்திரை

புதுப் பட்டுத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு சூடான வாசனை வரும். அது எங்கே அடித்தாலும் எனக்குக் கஸ்தூரி ஞாபகம்தான்...

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கும் கடை. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மிஷின். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். வாய் ஓயாது. கஸ்டமர் படி இறங்கியதும் அவர்கள் பேசியதை அப்படியே நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்துக் கோணலாகத் தைத்து, திரும்பப் பிரித்த நாட்கள் எத்தனையோ.

அந்த வருஷம் ஆடியில் அவளுக்கு விடாத இருமல். சளி டெஸ்ட் பண்ணி டி.பி. என்றார்கள். ஜுரம் என்று சொல்லி ஒரு மாசம் லீவு போட்டாள். உண்மையை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். தெரிந்தால் ஓனரம்மா வேலையை விட்டே நிறுத்திவிடுவார் என்று பயம்.

ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஹெல்த் சென்டருக்குப் போய், அங்கே இருக்கும் மேடம் எதிரிலேயே விழுங்க வேண்டும். இரண்டே மாசத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. கன்னம் உப்பிவிட்டது.

"எனக்காடி டி.பி.? பாரேன், எப்டி கீறேன்னு!" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்பாள்.

அப்போதுதான் தீபாவளி சீசன் வந்தது. தையல் கடையில் அந்த ஒரு மாசம் காய்ச்சல், கல்யாணப் பேச்சு, புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாமே தள்ளிப்போகும். எதற்கும் ஒரே பதில், 'சீசன் முடியட்டும்'. மாத்திரை போட்ட அன்றைக்கு அவளுக்கு வயிற்றைப் புரட்டும், பாதி நாள் வேலை ஓடாது. நான்தான் சொன்னேன்.

"நல்லாத்தானே கீற... சீசன் முடிஞ்சதும் போட்டுக்கோயேன்."

அவள் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் போவதை நிறுத்தியதும், ஒரு நாள் ஓனரம்மா இல்லாத நேரத்தில் அந்த ஹெல்த் சென்டர் மேடம் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கஸ்தூரி ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னால். "ஊருக்குப் போயிருக்கா மேடம், வந்ததும் அனுப்புறேன்" என்று பச்சைப் பொய் சொன்னேன். அவர் தலை மறைந்ததும் இவள் வெளியே வந்து, மேடம் குடை பிடித்து நடப்பதை நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்...

தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது, பொங்கல் போய்க் கல்யாண முகூர்த்தம் வந்தது. மாத்திரையை இரண்டு பேருமே மறந்துபோனோம். அடுத்த ஆடியில் மறுபடி இருமல். இந்தத் தடவை ரத்தத்தோடு.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஆட்டம் போடுற கிருமி முதல்ல செத்துடும்மா. அதான் இருமல் நின்னுச்சு. சிலது உள்ளேயே தூங்கிட்டிருக்கும். மீதி மாசத்து மாத்திரை அதுங்களுக்குத்தான். பாதியில விட்டா முழிச்சுக்கும். அதுல சிலது பழைய மருந்துக்கு அசையவே அசையாது."

இரண்டு வருஷ வைத்தியம், ஊசி மேல் ஊசி. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டாள். நுரையீரல்தான் பாதிக்குமேல் தழும்பாகிவிட்டது.

இப்போது அடையாறில் எனக்குச் சொந்தக் கடை. ஆர்டர் வாட்ஸாப்பில் வருகிறது. வேலை செய்யும் பெண்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தைக்கிறார்கள், சத்தமே இல்லை. கூவம் ஓரத்து வீடுகளை இடித்து, கஸ்தூரி குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். இத்தனை வருஷம் கேட்கத் துணியாததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் அப்டிச் சொல்லாம இருந்திருந்தா..."

அவள் மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசினாள். "அத்த உடுடி... நீ சொன்ன, நானும் சரின்னேன்... ஆனா அந்தத் தீபாவளிக்கு... இன்னா சிரிப்பு சிரிச்சோம், இல்ல? அத்த மாதிரி ஒண்ணு... அப்பாலிக்கா வரவே இல்லடி."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளும் அந்த நாளுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறாள்... என்னைப் போலவே.