புகை மணக்கும் கடிதங்கள்

எங்கள் அலாஸ்கா ஊரில் சிக்ரிட், சால்மன் மீனைப் புகைபோடும் கொட்டகையில் உட்கார்ந்துதான் கடிதம் எழுதுவாள். எழுந்து போனால் நெருப்பை யார் பார்த்துக்கொள்வது? ஆற்றோரக் காட்டை வெட்டினால் தண்ணீர் சூடாகி மீன் முட்டைகள் பிழைக்காது என்று வனத்துறை அதிகாரிக்கு வருடக்கணக்கில் எழுதினாள். பதிலே இல்லை.

ஒருநாள் அவரே ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சிக்ரிட் ஒரு ஜாடி புகைமீனோடு போனாள். அவள் கோட்டில் அடித்த வாசனையிலேயே அவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கதானா அது! உங்க கடிதம் வந்தாலே ஆபீஸ்ல எல்லாருக்கும் பசி எடுத்துரும்."

"படிச்சீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

சிக்ரிட் ஜாடியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "அப்ப மோந்து பாத்ததே போதும்."