மாடி ஜன்னலிலிருந்து ஒரு பார்வை

இயக்குநர் ஃபோல்க்மார் தீசன் ஹாம்பர்கை விட்டுப் போன செவ்வாய்க்கிழமை, ஆல்டோனா ரயில் நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மியூனிக்கில் அவருக்கு வேறு படம் கிடைத்துவிட்டது. முடியாத படத்தை எடிட்டர் ரோஸ்வித்தாவின் தலையில் கட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

"அந்த ஜன்னலை மட்டும் விட்டுராத."

"நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. முதலாளிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறது நானு."

"அதுக்குப் பயந்துதான் போறேன்," என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போர் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ரஷ்யச் சிறை முகாமிலிருந்து வீடு திரும்பும் ஒரு சிப்பாயின் கதைதான் படம். கேமரா அவன் பக்கத்திலேயே நிற்கும், அவன் கூடவே நடக்கும். அவன் பார்ப்பதைப் பார்த்து, அவனுக்காக அழுவோம். ஒரே ஒரு இடம் தவிர. போருக்குப் போகும் முன் நடந்தது அது: மாடி வீட்டு யூதக் குடும்பத்தைப் பிடித்துப்போக லாரி வந்து நிற்கிறது. அவன் தெருவில் காலரைத் தூக்கிவிட்டபடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அப்போது மட்டும் கேமரா மாடி ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து அவனைப் பார்க்கிறது.

முதலாளி ஓல்ட்மன்ஸ் அதைப் பார்த்துக் கொதித்தார்.

"இவ்வளவு நேரம் அவன் பக்கத்துலயே நின்னோம். திடீர்னு எதுக்கும்மா மாடி ஏறுற? பாக்குறவன் குழம்பிருவான்."

"குழம்ப மாட்டான் சார். தானும் அவன்கூடச் சேர்ந்து மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சுக்குவான்."

"மாட்டிக்கிறதுக்கா டிக்கெட் வாங்குறான்? இடிஞ்ச சுவர வீட்டுலயே ஓசியில பாத்துட்டு, சிரிக்கலாம்னு இங்க வர்றான். சாயங்காலம் நெகட்டிவ் லேபுக்குப் போகுது. அந்தத் துண்டு அதுல இருந்துச்சு, நாளைலேர்ந்து நீ வரவேணாம். அறைச் சாவிய வாசல்ல குடுத்துட்டுப் போயிரு."

ஸ்டுடியோவின் பின்கட்டில் இருந்த அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை. வீடிருந்த தெருவே குண்டில் போயிருந்தது.

வெட்டி ஒட்டிப் பார்ப்பதற்கென்றே இருந்த பரீட்சைப் பிரதியில் அந்தத் துண்டை வெட்டி ஆணியில் மாட்டினாள். மிச்சத்தை ஒட்டி ஓட்டிப் பார்த்தாள். சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்தான். டிராமுக்குக் காத்து நிற்பவனைப் போல இருந்தான். பாவம், குளிருகிறது போல என்றுதான் அவளுக்கே தோன்றியது. போர்க்காலத்தில் அவள் அரசாங்கத்துக்குச் செய்திப்படம் வெட்டி ஒட்டியவள். டாங்கி மேலிருந்து எடுத்த படங்களே மேசைக்கு வரும். டாங்கிக்கு எதிரே நிற்பவன் என்ன பார்த்தான் என்று ஒருநாளும் வந்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

ஆனால் லேபுக்குப் போகும் நெகட்டிவில் ஜன்னல் காட்சியை வெட்டாமலே வைத்து ஒட்டி, தகரப் பெட்டியை மூடும்போது ஓல்ட்மன்ஸ் உள்ளே வந்தார்.

"எடுத்தாச்சா?"

அவள் பெட்டிக்குக் கயிறு கட்டினாள். அவர் ஆணியில் தொங்கிய பரீட்சைப் பிரதித் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"ம். அனுப்பு."

பெட்டியோடு லேபுக்கு வண்டி போய்விட்டது.

படம் வெளியான முதல் வாரமே குட்டு உடைந்தது. ஊர் ஊராகச் சொல்லியனுப்பி, பிரதிகளிலிருந்து அந்தத் துண்டை வெட்டி எறிந்தார்கள். ரோஸ்வித்தாவுக்கு வேலையும் போனது, அறையும் போனது. அப்புறம் எந்தத் தயாரிப்பாளரும் அவளைக் கூப்பிடவில்லை. வான்ட்ஸ்பெக் பகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றாள்.

பதினைந்து வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து அஞ்சலட்டை வந்தது.

"உங்கள் படத்தை வெளியான வாரமே பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாடி ஜன்னல் வந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக, சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், அந்த மாதிரி லாரிகள் வந்த நாட்களில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டுவிட்டேன்."